சென்ற ஆண்டோடு ஒப்பிடுவது எப்படி?
கணினி காட்டும் விற்பனைக் கணக்கில் தேதிப் பிழைகள்

"வியாபாரம் எப்படி?" என்று யார் கேட்டாலும் நம்மவர்கள் சொல்லும் பதில் சென்ற ஆண்டைத் தொட்டுத்தான் வரும். "போன வருஷத்துக்கு இந்த வருஷம் பரவாயில்லை" என்போம், அல்லது "போன வருஷம் போல இல்லை" என்போம். முன்பு இதற்குப் பழைய பேரேட்டை எடுத்துத் தூசி தட்டிப் பக்கம் புரட்ட வேண்டியிருந்தது. இப்போது பில் போடும் கணினியே அந்த வேலையைச் செய்கிறது. டாலியிலிருந்தோ வேறு மென்பொருளிலிருந்தோ கணக்கை எடுத்து எக்செல்லிலும், பவர் பி.ஐ. போன்ற அறிக்கைத் திரைகளிலும் போட்டுக் கொடுக்க நம் வீட்டுப் பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். ஏறினால் பச்சை அம்பு, இறங்கினால் சிவப்பு அம்பு. அந்தச் சிவப்பு அம்பை நம்பி நாங்கள் பட்ட அடியைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறோம்.

2024 டிசம்பர் முதல் வாரத்தில் நவம்பர் மாத அறிக்கையைத் திறந்தோம். 2023 நவம்பரில் எங்கள் கடை விற்பனை ரூ.27,60,000. 2024 நவம்பரில் ரூ.19,40,000. ஏறக்குறைய 30 சதவிகிதம் வீழ்ச்சி! அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. தெரு முனையில் புதிதாக வந்த பெரிய கடைதான் காரணம் என்று நாங்களே முடிவு கட்டினோம். கவுண்டரில் இருந்த பையன்களைக் கடிந்து கொண்டோம். பொங்கலுக்கு வழக்கமாகச் சொல்லும் 60 சிப்பம் வெல்லத்தை 40 ஆக்கினோம். பச்சரிசி, பாசிப்பருப்பு, முந்திரி எல்லாவற்றிலும் அதே கை வைத்தோம். 2025 ஜனவரி 12, ஞாயிறு மாலை. போகிக்கு முதல் நாள். வெல்லம் தீர்ந்து போயிற்று. வாடிக்கையாளர் லிஸ்டை நீட்டுகிறார், நாங்கள் வெல்லம் இல்லை என்கிறோம். வெல்லம் வாங்கப் போகிறவர் மற்ற சாமானையும் அங்கேயே வாங்குவார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பக்கத்துக் கடையில் சில்லறை விலைக்கு வாங்கி அதே விலைக்கு விற்று மானத்தைக் காப்பாற்றினோம்.

பொங்கல் முடிந்து இருப்பு எடுக்கும்போது, முப்பது ஆண்டாக எங்களிடம் இருக்கும் கணக்குப்பிள்ளை ஒரு கேள்வி கேட்டார். "அண்ணாச்சி, நவம்பர் குறைஞ்சு போச்சுன்னு சொன்னீகளே, முந்தின வருஷம் தீவாளி எந்த மாசம் வந்துச்சு?"

2023-ல் தீபாவளி நவம்பர் 12. 2024-ல் அக்டோபர் 31. அவ்வளவுதான் விஷயம். தீபாவளி இருந்த நவம்பரையும் தீபாவளி இல்லாத நவம்பரையும் கணினி பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிவப்பு அம்பு போட்டிருந்தது. அக்டோபர் அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். 2023-ல் ரூ.18,20,000. 2024-ல் ரூ.28,10,000. 54 சதவிகித ஏற்றம்! நவம்பர் தொடக்கத்தில் அந்தப் பச்சை அம்பைப் பார்த்து நாங்கள் மகிழ்ந்ததும் உண்டு. காரணம் கேட்கவில்லை. ஏற்றத்துக்கு யார் காரணம் கேட்கிறார்கள்? இரண்டு மாதத்தையும் சேர்த்தால் 2023-ல் ரூ.45,80,000. 2024-ல் ரூ.47,50,000. அதாவது 3.7 சதவிகிதம் கூடுதல். கடை நன்றாகத்தான் நடந்திருக்கிறது.

பண்டிகையை வைத்து நாளை எண்ணுதல்

இதற்குச் சரியான வழி, மாதத்தை விட்டுவிட்டுப் பண்டிகையிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. தீபாவளி நாளோடு சேர்த்து அதற்கு முந்திய 21 நாள் என்று எடுத்துக் கொண்டால், 2023-ல் அது அக்டோபர் 23 முதல் நவம்பர் 12 வரை. 2024-ல் அக்டோபர் 11 முதல் 31 வரை. இந்த 21 நாளில் எங்கள் விற்பனை முதல் ஆண்டு ரூ.21,90,000, அடுத்த ஆண்டு ரூ.22,60,000. ஏற்றம் 3.2 சதவிகிதம். இதுதான் உண்மைக் கணக்கு.

2025-ல் தீபாவளி அக்டோபர் 20-க்கு வந்தது. அப்போது 21 நாள் என்பது செப்டம்பர் 30-லேயே தொடங்கிவிடுகிறது. 2026-ல் நவம்பர் 8. எனவே 21 நாள் அக்டோபர் 19 முதல் தொடங்கும். 2026 அக்டோபரை 2025 அக்டோபரோடு மாதமாக ஒப்பிடும் கடைக்காரர் எல்லாருக்கும் திரை சிவப்பாகத்தான் தெரியும். அதைப் பார்த்து யாரும் பயந்து கொள்முதலைக் குறைக்க வேண்டாம்.

"ஐப்பசிக்கு ஐப்பசி ஒப்பிட்டால் போதாதா?" என்று மூத்த உறுப்பினர்கள் கேட்கக் கூடும். நல்ல கேள்வி. பொங்கல் சூரியனை வைத்து வருவதால் ஜனவரி 14, 15-ஐ விட்டு நகராது. தீபாவளி சந்திரனை வைத்து வருவது. 2025-ல் ஐப்பசி பிறந்த சில நாள்களிலேயே தீபாவளி வந்துவிட்டதால், தீபாவளிச் சரக்கு விற்றதெல்லாம் புரட்டாசிக் கணக்கில் போய்விட்டது. ஆகவே தமிழ் மாதமும் முழுக் காப்பு அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 21 நாள் கணக்கும் தராசு போலச் சரியாக நிற்காது. தீபாவளி 12-ஆம் தேதி வந்தால் சம்பளப் பணம் கையில் இருக்கும். 31-ல் வந்தால் போனஸை நம்பித்தான் ஜனங்கள் கடைக்கு வருவார்கள். இந்த வேறுபாட்டைக் கணினி அறியாது. கல்லாவில் உட்காருகிறவர்தான் அறிவார்.

ரம்ஜான் வியாபாரம் பார்க்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் உண்டு. ரம்ஜான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். 2024-ல் ஏப்ரல் 11, 2025-ல் மார்ச் 31. இரண்டும் 2024-25 என்ற ஒரே நிதியாண்டுக்குள் விழுந்தன! சேமியா, பேரீச்சை, பிரியாணி அரிசி, முந்திரி விற்பவருக்கு அந்த நிதியாண்டு இரட்டைப் பண்டிகை ஆண்டு. அதை அளவுகோலாக வைத்து அடுத்த ஆண்டு இலக்கு போட்டால் விற்பனைப் பிரதிநிதியின் கழுத்துக்குத்தான் கத்தி.

பாதி மாதத்தை முழு மாதத்தோடு ஒப்பிடுதல்

எங்களிடம் உறுப்பினர்கள் கொண்டுவரும் அறிக்கைகளில் அதிகம் காணும் பிழை இதுதான். 2025 ஜூன் 18 காலை திரையைத் திறக்கிறார். இந்த ஜூன் விற்பனை என்று 17 நாள் கணக்கு நிற்கிறது. பக்கத்தில் சென்ற ஜூன் என்று 30 நாள் கணக்கு நிற்கிறது. 35 சதவிகிதம் வீழ்ச்சி என்று வருகிறது.

இது எப்படி நேர்கிறது? இத்தகைய அறிக்கை மென்பொருள்களில் விற்பனைப் பட்டியல் ஒன்று இருக்கும். அதோடு இணைக்கப்பட்ட நாள்காட்டிப் பட்டியல் ஒன்றும் இருக்கும். நாள்காட்டியில் ஆண்டு முழுவதும் தேதிகள் இருக்கும். 'சேம் பீரியட் லாஸ்ட் இயர்' என்ற சூத்திரம் நாள்காட்டியில் ஜூன் மாதத்தில் எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனையையும் ஓராண்டு பின்னுக்குத் தள்ளும். ஜூன் 18-க்குப் பிறகு இன்னும் பில் போடவில்லை என்பது அதற்குத் தெரியாது. நாள்காட்டியில் கூடுதலாக ஒரு கட்டம் சேர்த்து, கடைசி பில் தேதி வரை உள்ள நாளுக்கு 'ஆம்', அதற்குப் பிந்திய நாளுக்கு 'இல்லை' என்று குறிக்கச் சொல்லுங்கள். 'ஆம்' உள்ள நாள்களை மட்டும் பின்னுக்குத் தள்ளினால் 17 நாளுக்கு 17 நாள் வந்துவிடும்.

சிலர் இதைக் குறுக்கு வழியில் சரி செய்வார்கள். சென்ற ஆண்டு ஜூனை 30-ஆல் வகுத்து 17-ஆல் பெருக்கிக் கொள்வார்கள். மளிகைக்கு அது ஒத்து வராது. மாத லிஸ்ட் எல்லாம் முதல் பத்துத் தேதிக்குள் வந்துவிடுகிறது. 25 தேதிக்கு மேல் ஈ ஓட்டுகிறோம். சராசரி போட்டால் மாத நடுவில் எப்போதும் ஏற்றமாகவே காட்டும்.

கிழமை மாறும் கணக்கு

2024 ஆகஸ்டில் ஞாயிறு நான்கு. 2025 ஆகஸ்டில் ஞாயிறு ஐந்து. சில்லறைக் கடைக்கு ஒரு ஞாயிறு கூடினால் மாத விற்பனையே மாறும். ஞாயிறு விடுமுறை விடும் மொத்த வியாபாரிக்கு அதே ஆகஸ்ட் 27 வேலை நாளிலிருந்து 26 ஆகக் குறைகிறது. ஒரே மாதம், ஒருவருக்கு லாபம், மற்றவருக்கு நட்டம்!

நாளுக்கு நாள் ஒப்பிடும்போது தேதியைப் பார்க்காமல் 364 நாள் பின்னே போங்கள். 364 என்பது சரியாக 52 வாரம். 2025 ஆகஸ்ட் 10 ஞாயிறு. அதற்கு 364 நாள் முன் 2024 ஆகஸ்ட் 11. அதுவும் ஞாயிறு. தேதிக்குத் தேதி பார்த்தால் 2024 ஆகஸ்ட் 10 சனிக்கிழமை ஆகிவிடும். சந்தை கூடும் ஊர்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த 364 மிகவும் உதவும்.

பிப்ரவரி வேறு ஒரு தொல்லை. 2024-ல் 29 நாள், 2025-ல் 28 நாள். நாளொன்றுக்கு ரூ.20,000 என்று சீராக விற்கும் கடையிலும் ரூ.5,80,000 என்பது ரூ.5,60,000 ஆகி 3.4 சதவிகிதம் குறையும். எக்செல்லில் நாள்வாரியாக ஒப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2025-ன் ஒவ்வொரு தேதிக்கும் சென்ற ஆண்டின் அதே தேதியைத் தேடினால், 2024 பிப்ரவரி 29-ஐ எந்த நாளும் கேட்டு வராது. அந்த வியாழக்கிழமை விற்பனை அறிக்கையிலிருந்தே காணாமல் போய்விடும். 2024-ஐ 2023-டன் ஒப்பிட்டாலும் குழப்பம்தான். 'இ-டேட்' சூத்திரத்தில் 12 மாதம் கழித்தால் பிப்ரவரி 29-க்கு 2023 பிப்ரவரி 28 வரும். 'டேட்' சூத்திரத்தில் ஆண்டில் மட்டும் ஒன்றைக் கழித்தால் 2023 மார்ச் 1 வரும். ஒரே கடையில் இரண்டு பேர் இரண்டு சூத்திரம் போட்டால் இரண்டு விடை வருவது இதனால்தான்.

தேதியே தலைகீழாகும் விபரீதம்

மிளகாய் வற்றல் மொத்த வியாபாரியான உறுப்பினர் ஒருவர், மருமகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினியில் கணக்கு பார்க்கத் தொடங்கினார். 2025 மார்ச் 5-ல் போட்ட பில் ஒன்று, முப்பது நாள் கடன். ஏப்ரல் 20 ஆகியும் பாக்கிப் பட்டியலில் அந்தப் பெயர் வரவில்லை. வசூலுக்குப் போகும் தம்பி பட்டியலில் இல்லாத பெயரைத் தேடிப் போவாரா? போகவில்லை. பணம் ஒரு மாதம் முடங்கியது. காரணம், அந்தக் கணினி அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தது. நாம் 05/03/2025 என்று எழுதினால் நமக்கு மார்ச் 5. அதற்கு மே 3. இன்னும் வராத தேதியில் போட்ட பில்லுக்குப் பாக்கி ஏது?

இந்தக் கோளாறை அடையாளம் காண்பது எளிது. 12-ஆம் தேதி வரை உள்ள பில்களைக் கணினி மாதத்தையும் நாளையும் மாற்றிப் படிக்கும். 13-க்கு மேல் உள்ளதைத் தேதி என்றே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும், ஏனென்றால் 13-வது மாதம் கிடையாது. எக்செல்லில் தேதியாக ஏற்றது கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக விட்டது இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஒரே பத்தியில் இரண்டும் கலந்து நின்றால் சந்தேகமே வேண்டாம். அறிக்கையில் ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதியோடு விற்பனை நின்று போனாலும், ஏப்ரலில் உட்கார்ந்து கொண்டு வரப் போகும் டிசம்பரில் விற்பனை தெரிந்தாலும் இதே நோய்தான். இதில் ஒரு ஏமாற்று உண்டு. நாளும் மாதமும் மாறினாலும் ஆண்டு மாறுவதில்லை. ஆகவே மாறிப்போன பில்களின் ஆண்டுத் தொகை சரியாகவே இருக்கும், மாதம்தான் கெடும்.

மருந்து: கணினியின் ரீஜியன் அமைப்பில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பழைய கோப்பைத் திருத்தாமல், பில் மென்பொருளிலிருந்து கணக்கைப் புதிதாக எடுங்கள். தவறாக மாறிவிட்ட தேதியைக் கையால் திருத்தப் போனால் சரியாக இருப்பதும் கெட்டுவிடும். எழுத்தாக வந்த பத்தியை 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' வழியாக நாள்-மாதம்-ஆண்டு என்று சொல்லி மாற்றலாம்.

இதற்குத் தம்பி முறையான இன்னொரு கோளாறு, தேதியோடு மணி ஒட்டிக் கொள்வது. எக்செல் தேதியை எண்ணாகத்தான் வைத்துக் கொள்கிறது. 1900 ஜனவரி 1 என்பது 1. 2025 ஏப்ரல் 1 என்பது 45,748. அன்று மாலை 6 மணிக்குப் போட்ட பில் 45,748.75 என்று இருக்கும். திரையில் இரண்டும் ஒரே தேதியாகத் தெரிந்தாலும் நாள்காட்டியில் உள்ள 45,748-டன் இது பொருந்தாது. பொருந்தாத விற்பனையை பவர் பி.ஐ. தேதிப் பெயரில்லாத வெற்று வரி ஒன்றில் கொட்டி வைக்கும். ஆண்டு அறிக்கையில் பெயரில்லாத வரி இருந்து அதில் பணமும் இருந்தால், முதலில் அங்கே தோண்டுங்கள். பில் பட்டியலில் மணியை நீக்கித் தேதியை மட்டும் வைத்தால் சரியாகும்.

நாள்காட்டிப் பட்டியல்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாள்காட்டியை பில் தேதிகளிலிருந்து தயாரிக்கக் கூடாது. தயாரித்தால் கடை அடைத்த நாள்கள் இருக்காது, இடையில் ஓட்டை விழும், ஆண்டு ஒப்பீட்டுச் சூத்திரம் தடுமாறும். விற்றாலும் விற்காவிட்டாலும் ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு முறை இருக்க வேண்டும். ஒப்பிட விரும்பும் முதல் ஆண்டுக்கு ஓராண்டு முன்பிருந்தே தொடங்க வேண்டும். மென்பொருளை மாற்றியவர்கள் பழைய மென்பொருளின் விற்பனையையும் கொண்டு வந்து சேர்க்காவிட்டால், சென்ற ஆண்டுக் கட்டம் காலியாகவே இருக்கும். நம் கணக்கு மார்ச் 31-ல் முடிகிறது என்பதைச் சொல்லித் தர வேண்டும். சொல்லாவிட்டால் டிசம்பர் 31-ஐத்தான் ஆண்டு முடிவாக எடுத்துக் கொண்டு ஜனவரி 1 முதல் கூட்டத் தொடங்கும், முதல் காலாண்டு என்று ஜனவரி முதல் மார்ச் வரை காட்டும். ஆடிட்டர் கேட்பது ஏப்ரல் முதல் ஜூன் வரை.

வரியும் வெள்ளமும்

தேதி எல்லாம் சரியாக இருந்தும் ஒப்பீடு பொய் சொல்வது உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. பிஸ்கட், பற்பசை, ஷாம்பு, தலை எண்ணெய், சோப்பு முதலியவை 18 சதவிகிதத்திலிருந்து 5-க்கும், நெய் 12-லிருந்து 5-க்கும் வந்தன. வரி நீங்கலாக ரூ.100 உள்ள சரக்கு முன்பு ரூ.118-க்கு பில் ஆகும். பிறகு ரூ.105. அதே எண்ணிக்கை விற்றிருந்தாலும் பில் தொகை 11 சதவிகிதம் குறையும். எனவே அந்தத் தேதியைத் தாண்டி ஒப்பிடுகிறவர்கள் வரி நீங்கலான தொகையை எடுக்க வேண்டும். முடிந்தால் மூட்டை, பெட்டி, கிலோக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துவரம் பருப்பு விலை ஏறிய ஆண்டில் ரூபாயைப் பார்த்து மயங்காமல் இருக்க அதுதான் வழி.

2023 டிசம்பர் 4-ல் மிக்ஜாம் புயலால் சென்னையும், அதே மாதம் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களும் வெள்ளத்தில் மூழ்கின. அங்கே கடை வைத்திருப்பவர்களுக்கு 2024 டிசம்பர் பெரிய ஏற்றமாகத் தெரிந்திருக்கும். அது ஏற்றமல்ல, முந்திய ஆண்டு கடை திறக்க முடியாததன் நிழல். நாள்காட்டிப் பட்டியலில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் வைத்து, கடை அடைத்த நாள், வெள்ளம், தெருவைத் தோண்டிப் போட்ட நாள், பண்டிகைக்கு முன் எத்தனையாவது நாள் என்பதை அன்றன்றே எழுதி வையுங்கள். பழைய நாள்வழி ஏட்டின் ஓரத்தில் பெரியவர்கள் இதைத்தான் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள்.

சந்தேகம் வந்தால் முழு அறிக்கையோடு மல்லுக் கட்ட வேண்டாம். 13-க்கு மேற்பட்ட தேதி ஒன்று, 12-க்கு உட்பட்ட தேதி ஒன்று, இரண்டை மட்டும் எடுங்கள். அந்த நாள்களின் கல்லாச் சிட்டையைக் கையால் கூட்டி, திரையில் உள்ள தொகையோடு ஒட்டிப் பாருங்கள். பிறகு சென்ற ஆண்டுக் கட்டத்தில் உள்ள தொகை எந்தத் தேதியுடையது என்று சிட்டையில் தேடுங்கள். அரை மணி நேர வேலை. 2026 பொங்கலுக்கு வெல்லம் சொல்லும் முன் எங்கள் கணக்குப்பிள்ளை செய்தது இதுதான். அவர் 65 சிப்பம் சொல்லச் சொன்னார், நாங்கள் மறு பேச்சுப் பேசவில்லை.